380 வெள்ளிக்கு ஓவர்கிளாக், ஏமாந்துவிடாதீர்கள்

கோலாலம்பூர் செந்தூலில் கல்யாண வீடியோ எடிட்டிங் செய்கிறேன். ரெண்டர் (வெட்டிய வீடியோவை முழு ஃபைலாக்கும் வேலை) போட்டால் முடிய நேரமாகிறதே என்று புக்கிட் பிந்தாங் பக்கம் ஒரு கடையில் டெஸ்க்டாப்பைக் கொண்டுபோய் வைத்தேன். "பிராசசர், ராம் ரெண்டையும் ஓவர்கிளாக் பண்ணித் தரேன் அண்ணே, 380 வெள்ளி, சாயங்காலம் வந்து எடுத்துக்குங்க" என்றார் கடைக்காரத் தம்பி. ஓவர்கிளாக் என்றால் கம்பெனி வைத்த வேகத்துக்கு மேலே ஓட வைப்பது.

போனேன். திரையைத் திருப்பிக் காட்டினார்: "முன்னாடி 2.5, இப்ப பாருங்க 4.4!" நானும் வாயைப் பிளந்துகொண்டு பணத்தைக் கொடுத்துவிட்டு வந்தேன்.

என்னுடைய பிராசசர் இன்டெல் ஐ5-12400எஃப். அதன் அடிப்படை வேகம் 2.5 கிகாஹெர்ட்ஸ், டர்போ (வேலை கூடும்போது தானே எட்டும் உச்ச வேகம்) 4.4, இரண்டுமே இன்டெல் போட்டுக் கொடுத்த கணக்கு. யாரும் தொடாமலே தேவைப்படும்போது 4.4-க்குத் தானே ஏறும். பெயரில் கே (K) என்ற எழுத்து இல்லாத இந்தச் சிப்பில் மல்டிப்ளையர், அதாவது வேகத்தைத் தீர்மானிக்கும் பெருக்கெண், பூட்டியே வரும், என் பி660 மதர்போர்டிலும் அதைத் திறக்க வழியில்லை. பிறகு பயாஸை (மதர்போர்டின் அடிப்படை செட்டிங்) டீஃபால்ட்டுக்கு மாற்றிப் பார்த்தேன், அப்போதும் அதே 4.4.

சரி, ராமையாவது ஏதோ செய்தாரே என்றால், அங்கேதான் வினை. டிடிஆர்4 3600 ராம், அதுவரை 2666-ல் ஓடிக்கொண்டிருந்தது, பயாஸில் எக்ஸ்எம்பியை (ராம் கம்பெனியே பதிந்து வைத்த வேக செட்டிங்) ஆன் செய்தால் 3600, ஒரு நிமிட வேலை. ஆனால் கே இல்லாத இந்த 12ஆம் தலைமுறை சிப்களில் ராமை இயக்கும் மெமரி கன்ட்ரோலருக்குப் போகும் எஸ்ஏ வோல்டேஜும் பூட்டுதான், அதனால் கியர் 1-ல் (கன்ட்ரோலரும் ராமும் ஒரே வேகத்தில் ஓடும் நிலை) 3600 பலருக்கு நிற்காது. நிற்காததைச் சமாளிக்கத்தானோ என்னவோ, 1.35 இருக்க வேண்டிய ராம் வோல்டேஜை 1.5-க்கு ஏற்றி வைத்திருந்தார். அதற்கும் அது அடங்கவில்லை. நான்கே நாளில் விண்டோஸ் நின்றுபோய் நீலத்திரை, அப்புறம் ஒரு கிள்ளான் கல்யாணத்தின் புராஜெக்ட் ஃபைல் திறக்கவே இல்லை, இரண்டு இரவு உட்கார்ந்து மறுபடி வெட்டினேன். ராமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86 ஓட்டினால் திரை முழுக்கப் பிழைகளைக் காட்டும் சிவப்பு வரிகள்.

கடையில் கேட்டால் "உங்க ராம் சரியில்ல அண்ணே, புது செட் போடுங்க" என்கிறார்! வீட்டுக்கு வந்து 3200, 1.35 என்று நானே வைத்தேன், நான்கு சுற்று மெம்டெஸ்ட், ஒரு பிழை இல்லை. அதே ராம்தான்.

யாராவது இதற்குக் காசு கேட்டால் முதலில் சிப்பின் பெயரைப் பாருங்கள். கொடுப்பதற்கு முன்னும் பின்னும் பிராசசர் வேகத்தை அளக்கும் சினிபெஞ்ச் ஓட்டி எண்ணைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள், டாஸ்க் மேனேஜரில் மெமரி வேகம் தெரியும், அதையும் எடுங்கள். நான் எடுக்கவில்லை. என் ரசீதில் "சர்வீஸ்" என்று ஒரே சொல்தான், நல்லவேளை ஓவர்கிளாக் பற்றி அவர் அனுப்பிய வாட்ஸ்அப் இருந்தது. அதை வைத்துப் பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் பாரம் 1 (புகார்ப் படிவம்) போட்டிருக்கிறேன், கட்டணம் 5 வெள்ளிதான். விசாரணைத் தேதி இன்னும் வரவில்லை.