130 மி.மீ. டெலஸ்கோப்: டெலாண்டர் பள்ளத்தில் வைத்த தேர்வு

மகள் கேட்டாளே என்று வாங்கியது. அவள் ஒருமுறை சனி வளையத்தைப் பார்த்துவிட்டுப் போனவள்தான்; எட்டு மாதமாக மொட்டைமாடியில் குனிந்து கிடப்பது நான். 130 மி.மீ. கண்ணாடி, 650 மி.மீ. குவியத் தூரம், மேசைமேல் வைத்துக் கையால் திருப்புகிற டாப்சோனியன் வகை. கூடவே கண் வைத்துப் பார்க்கும் 25, 10 மி.மீ. லென்ஸ்கள் (ஐபீஸ்), உருவத்தை இன்னும் பெரிதாக்க ஒரு பார்லோ லென்ஸ்.

நிலாவில் டைக்கோ என்ற பள்ளத்தை எந்த டெலஸ்கோப்பும் காட்டிவிடும். நான் தேர்வு வைத்தது அதற்கு வடகிழக்கே இருக்கும் டெலாண்டர் பள்ளத்தில். சுமார் 230 கி.மீ. அகலம், 390 கோடி ஆண்டுக்கும் மேல் பழசு. இத்தனை பெரிய பள்ளத்துக்கு 1948இல்தான் பெயரே கிடைத்தது. காரணம், கரை என்று காட்ட ஒழுங்காக எதுவும் மிஞ்சவில்லை. கிழக்குச் சுவர்மேல் வால்ட்டர் என்ற பள்ளம் ஏறி உட்கார்ந்திருக்கிறது, தென்கிழக்கை லெக்ஸல் என்ற இன்னொரு பள்ளம் கடித்துவிட்டது.

வளர்பிறை அஷ்டமி கழிந்த மாலை, 65 மடங்கில் பார்த்தேன். தரையில் பாதி மை கொட்டியதுபோல் இருட்டு. அதில், டெலாண்டருக்குள்ளேயே இருக்கும் ஹெல் பள்ளத்தின் விளிம்பு மட்டும் வெள்ளிக் கொக்கிபோல் மின்னியது. (நரகமில்லை, மாக்சிமிலியன் ஹெல் என்ற பாதிரியார், வானியலாளர்.) சாப்பிட்டுவிட்டு ஒன்பதரைக்கு வந்தால் நிழல் கொஞ்சம் விலகி, தரையெங்கும் அம்மைத் தழும்புபோல் சின்னக் குழிகள். மறுநாள் வெயில் ஏறியதும் பழைய கரை படுத்துவிட்டது. ஹெல்லைப் பிடித்துத்தான் இடத்தையே கண்டுபிடித்தேன். பௌர்ணமியன்று அங்கே பளிச்சென்று ஒரு வெள்ளைப் புள்ளி, வானியலாளர் காசினி 1671இல் மேகம் என்று நினைத்தது. மற்றபடி பள்ளமே காணோம்.

சரி, குறைகள். பார்சலில் வந்தபோதே கண்ணாடிகள் ஒன்றுக்கொன்று நேராக இல்லை. விற்றவரிடம் கேட்டால் "அப்படித்தான் சார் இருக்கும்" என்றார். மூடியில் ஓட்டை போட்டு, அதன் வழியே பார்த்து நானே திருகிச் சரிசெய்தேன், இரண்டு ஞாயிறு போயிற்று. பார்லோ வெறும் பிளாஸ்டிக். 130 மடங்கு என்று பேர், தெரிவது கலங்கல். தானாகத் தொடரும் வசதி இல்லாததால் மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை நிலா நழுவும், கையால் தள்ள வேண்டும். படம் தலைகீழாக வரும் என்பதால் நிலா வரைபடத்தையும் கவிழ்த்துப் பிடியுங்கள்.

வாங்கலாம். பார்லோவை மறந்துவிட்டு நல்ல 6 மி.மீ. ஐபீஸ் ஒன்று தனியாக வாங்கிக்கொள்ளுங்கள். அதில் லெக்ஸலின் வடக்குச் சுவர் கரைந்து டெலாண்டர் தரையோடு சேர்கிற இடம்வரை தெரிகிறது.