விக்கிடேட்டாகான்: எதற்காகப் போகலாம், எதை வீட்டிலிருந்தே பார்த்துக்கொள்ளலாம்

விக்கித்தரவு (விக்கிடேட்டா) என்பது விக்கிப்பீடியாவின் உடன்பிறப்பு, யாரும் திருத்தக்கூடிய திறந்த தரவுத்தளம். அது தொடங்கியது 2012 அக்டோபர் 29. அந்தப் பிறந்தநாளையொட்டி, இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை கூடுகிற மாநாடு விக்கிடேட்டாகான். 2017லும் 2019லும் பெர்லினில் நடந்தது. 2021இல் ஜெர்மனி விக்கிமீடியாவும் பிரேசில் குழுவும் சேர்ந்து முழுக்க இணையவழியில் நடத்தின. 2023இல் தைபேயிலும் இணையத்திலுமாக நடந்தது. 2025இல் திரும்பவும் இணையம். பெயர் ஒன்றாக இருந்தாலும் நேரில் கூடும் மாநாடும் திரையில் நடக்கும் மாநாடும் வெவ்வேறு சரக்கு.

உரைகளை மட்டும் கேட்கத்தான் ஆசை என்றால் விமானச் சீட்டு வீண்செலவு. பெர்லின் அமர்வுகளின் ஒளிப்பதிவுகள் இணையத்தில் இலவசமாகவே கிடக்கின்றன. நேரில் போவதில் கிடைக்கிற லாபம் இரண்டு. ஒன்று பயிற்சிப் பட்டறை. மற்றொன்று, நாம் தினமும் பயன்படுத்தும் கருவியை எழுதியவரே தேநீர் வரிசையில் நமக்கு முன்னால் நிற்பது. வழு அறிக்கையில் மாதக்கணக்கில் பதிலில்லாமல் கிடக்கும் விஷயம், மடிக்கணினியைத் திறந்து காட்டினால் பத்து நிமிடத்தில் புரிந்துபோகும். பிறந்தநாள் பரிசு என்ற பெயரில் புதுக் கருவிகளை மேடையில் வெளியிடும் வழக்கமும் உண்டு. அவற்றில் சில அரைவேக்காடுதான். ஆனாலும் அந்த ஒரு மணிநேரத்தைத் தவறவிடக் கூடாது.

பட்டறைதான் சரியாக நடந்தால் மாநாட்டின் உயிர். சரியாக நடக்காமல் போவதற்கான காரணங்கள் ஒவ்வொரு முறையும் அதேதான், எல்லாமே முன்கூட்டித் தவிர்க்கக்கூடியவை.

முதலாவது, கணக்கு. விக்கிப்பீடியா, விக்கித்தரவு முதலிய விக்கிமீடியா தளங்களில் ஒரே ஐபி முகவரியிலிருந்து ஒரு நாளைக்கு ஆறு புதுக் கணக்குகளுக்கு மேல் தொடங்க முடியாது. அரங்கத்தில் எல்லோரும் ஒரே வைஃபையில் இருப்பார்கள். ஏழாவது ஆள் பதிவு செய்யும்போது பிழைச் செய்தி வரும், பயிற்சியாளர் கையைப் பிசைவார். ஏற்பாட்டாளர்கள் முன்பே கேட்டு அந்த வரம்பைத் தளர்த்தி வைக்கலாம். செய்திருப்பார்கள் என்று நம்பிப் போக வேண்டாம். கணக்கு இருந்தால் மட்டும் போதாது. மொத்தமாகத் தரவு ஏற்றும் குவிக்ஸ்டேட்மென்ட்ஸ் கருவிக்குக் கணக்கு நான்கு நாளாவது பழையதாக இருக்க வேண்டும், ஐம்பது தொகுப்புகளும் (திருத்தங்களும்) வேண்டும். விக்கித்தரவில் ஓர் ஆள், ஊர், நூல் என்று ஒவ்வொன்றுக்கும் உள்ள தரவுப் பக்கமே உருப்படி. தமிழ் லேபிள் இல்லாத உருப்படிகளுக்குப் பெயர் சேர்த்தாலே ஒரு மாலையில் ஐம்பது ஆகிவிடும். இதைக் கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பே முடித்துவிடுங்கள்.

இரண்டாவது, ஸ்பார்க்கிள் வினவல், அதாவது விக்கித்தரவிடம் கேள்வி கேட்க எழுதும் நிரல். விக்கித்தரவின் வினவல் சேவை எந்த வினவலையும் 60 நொடியில் வெட்டிவிடும். அதற்கு மேல் இன்னொரு கட்டுப்பாடும் உண்டு: ஒரு பயனருக்கு நிமிடத்துக்கு 60 நொடிக் கணிப்பு நேரம்தான். யார் ஒரு பயனர் என்பதை ஐபியையும் உலாவி அடையாளத்தையும் வைத்தே அது முடிவு செய்கிறது. ஒரே வைஃபையில், ஒரே உலாவியின் ஒரே பதிப்பில் முப்பது பேர் உட்கார்ந்திருந்தால் அந்த 60 நொடியை முப்பது பேரும் பங்கு போட்டுக்கொள்ள நேரிடும். பயிற்சியாளரின் திரையில் ஓடுவது நமக்கு மட்டும் ஓடாமல் போவது பெரும்பாலும் இதனால்தான். கைபேசி ஹாட்ஸ்பாட்டுக்கு மாறினால் தீரும். வினவலின் கடைசியில் 50 என்று வரம்பு போட்டு ஓட்டுவதும் நல்ல பழக்கம். "தமிழ்நாட்டுக்குள் எங்கிருந்தாலும் சரி" என்று, எந்த நிர்வாகப் பகுதியில் இருக்கிறது என்பதைக் குறிக்கும் பி131 பண்பை நட்சத்திரக் குறியோடு ஊர், மாவட்டம், மாநிலம் என ஏறிக்கொண்டே போகச் சொல்வது கனமான வேலை. கோயில்களைத் தேடுகிறோம் என்றால், கோயில் வகை, மாவட்டம் என்று முதலில் சுருக்கிவிட்டு அப்புறம் அதைச் சேர்க்க வேண்டும்.

மூன்றாவது, கையோடு கொண்டுபோகும் தரவு. வெறுங்கையோடு போனால் பயிற்சியாளர் தரும் ஐரோப்பிய ஓவியப் பட்டியலில்தான் கை பழகும். சொந்தப் பட்டியல் ஒன்று இருக்கட்டும்: நூறு வரி, நான்கைந்து நெடுவரிசை போதும். தமிழ்ப் பட்டியலில் முதலில் தேட வேண்டியது ஔகாரம். "ஔ" என்ற ஒரே எழுத்துக்குப் பதிலாக "ஒ"வும் "ள"வும் தட்டிய ஒளவையார்கள் எந்தப் பட்டியலிலும் நாலு பேர் இருப்பார்கள். கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது, பட்டியலைச் சுத்தம் செய்து விக்கித்தரவு உருப்படிகளோடு பொருத்தும் மென்பொருளான ஓபன்ரிஃபைனுக்குத் தெரியும். அது பொருந்தவில்லை என்று சொல்லும், நாமும் இல்லாத உருப்படி என்று நினைத்து இரட்டை உருப்படி உருவாக்கிவிடுவோம். வரி முடிவில் ஒட்டிக்கொண்டிருக்கும் வெற்றிடங்களையும் அப்போதே களைந்துவிடுங்கள்.

அடுத்தது தேதி. குவிக்ஸ்டேட்மென்ட்ஸில் தேதிக்குப் பின்னால் சாய்கோட்டுடன் துல்லிய எண் வரும்: ஆண்டு மட்டும் தெரிந்தால் 9, மாதம் வரை தெரிந்தால் 10, நாளும் தெரிந்தால் 11. விரிதாளில் வெறும் 1921 என்றிருந்ததைத் தேதி வடிவமாக மாற்றி 11 போட்டு ஏற்றினால், ஊரில் இருக்கிற புலவர்கள் எல்லாரும் ஜனவரி 1ஆம் தேதி பிறந்தவர்கள் ஆகிவிடுவார்கள். ஏற்றுவதற்கு முன் மூன்று வரியை மட்டும் ஓட்டிப் பார்த்து, உருப்படியைத் திறந்து கண்ணால் சரிபார்ப்பதே பாதுகாப்பு.

மொழிகளை மையமாக வைத்த 2019 பதிப்பு தமிழர்களுக்கு இன்றும் பயன்படும். சொற்களைத் தனி உருப்படியாகச் சேமிக்கும் லெக்சீம் வசதி 2018 மே மாதம்தான் வந்திருந்தது, சூடு ஆறாத நேரம். ஆனால் எடுத்துக்காட்டுகளில் பெரும்பகுதி ஐரோப்பிய மொழிகள். ஒரு பெயர்ச்சொல்லுக்கு வேற்றுமையும் பன்மையும் சேர்ந்து பதினாறு வடிவம், வினைச்சொல்லுக்குப் பக்கம் கொள்ளாது என்ற தமிழின் சிக்கலுக்கு அங்கே ஆயத்த விடை கிடைக்காது. ஃபின்னிஷ், பாஸ்க் போன்ற, தமிழைப் போலச் சொல்லோடு விகுதிகளை ஒட்டிக்கொண்டே போகும் ஒட்டுநிலை மொழிக்காரர்களைத் தேடிப் பிடித்துப் பேசுவது அதைவிடப் பயன் தரும்.

பழைய ஒளிப்பதிவுகளைப் பார்த்துப் பழகுகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. 2025 மே மாதம் வினவல் சேவையை இரண்டாகப் பிரித்துவிட்டார்கள். ஆய்வுக் கட்டுரைகள் தனி முகவரிக்குப் போய்விட்டன. 2017, 2019 பட்டறைகளில் காட்டிய கட்டுரை வினவல்களை இன்று பொது முகவரியில் அப்படியே ஒட்டினால் விடை வெறுமையாக வரலாம். வினவலில் தப்பு தேடி மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம்.

இணையவழிப் பதிப்புகளில் பெரிய தொல்லை நேரம். அக்டோபர் கடைசி ஞாயிறன்று ஐரோப்பாவில் கடிகாரத்தைப் பின்னுக்குத் தள்ளுவார்கள். 2021 மாநாட்டின் கடைசி நாள் சரியாக அந்த ஞாயிறுதான். சனிக்கிழமை வரை மூன்றரை மணி வித்தியாசத்தில் இருந்த பெர்லின், மறுநாள் நாலரை மணிக்குப் போய்விடும். யாராவது பெர்லின் நேரம் சொன்னால் காதில் வாங்காமல், யுடிசி என்கிற உலகப் பொது நேரத்தைப் பார்த்து ஐந்தரை மணி கூட்டிக்கொள்ளுங்கள். தைபே நமக்கு இரண்டரை மணிநேரம் முன்னால்: அங்கே காலை 9 என்றால் நமக்கு 6.30.

நேரடிப் பதிப்பு ஐரோப்பாவில் அறிவிக்கப்பட்டால் பயண உதவித்தொகைக்கு முதல் அறிவிப்பிலேயே விண்ணப்பித்துவிட வேண்டும். முடிவு வருவதற்கும் விசா நேர்காணலுக்கும் நடுவில் நாள் போதாமல் போவதுதான் வழக்கமான விபத்து. ஷெங்கன் விசாவுக்குப் பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிலிருந்து விண்ணப்பிக்கலாம், பதினைந்து நாளுக்குக் குறையக் கூடாது. குறைந்தது 30,000 யூரோ ஈடு தரும் மருத்துவக் காப்பீடு கட்டாயம். அழைப்புக் கடிதத்தில் பெயர், விக்கிப் பயனர் பெயராக இல்லாமல் கடவுச்சீட்டில் உள்ளபடி எழுத்துக்கு எழுத்து இருக்கிறதா என்று வந்த அன்றே பார்த்துவிடுங்கள்.