யோசெமிட்டியில் கூடாரம் எங்கே போடலாம்: அப்பர் பைன்ஸா, துவாலமி மெடோஸா?

கலிஃபோர்னியாவில், சான் பிரான்சிஸ்கோவைச் சுற்றிய பே ஏரியாவில் இருக்கும் நம்மவர்களில் பலருக்கு யோசெமிட்டி தேசியப் பூங்கா என்றாலே அதன் பள்ளத்தாக்குதான். அங்கே அப்பர் பைன்ஸ் முகாமில் இடம் கிடைத்தால் போவார்கள், கிடைக்காவிட்டால் பயணத்தையே தள்ளிப்போடுவார்கள். சுற்றிப் பார்க்க மட்டும் போகிறவர்களுக்கு அது சரி. தினமும் மலையேறுவதற்கென்றே போகிறவர்கள், எந்த மாதம் போகிறோம், எந்தப் பாதையில் நடக்கப்போகிறோம் என்று முடிவு செய்துகொண்டு முகாமைத் தேடுவதுதான் நல்லது.

அப்பர் பைன்ஸ் 4,000 அடி உயரத்தில் இருக்கிறது. சுற்றிலும் செங்குத்துப் பாறைச் சுவர்கள். அதனால் எந்தச் சிகரத்துக்குக் கிளம்பினாலும் முதல் சில மணி நேரம் ஏற்றம் மட்டும்தான். ஜூலை, ஆகஸ்டில் பகல் வெயில் 32 டிகிரியைத் தொடும்போது அந்த ஏற்றம் ஆளை வாட்டிவிடும். யோசெமிட்டி அருவியிலும் அதற்குள் பெரும்பாலும் தண்ணீர் வற்றியிருக்கும்.

ஆனால் மே, ஜூனில் அப்பர் பைன்ஸுக்கு ஈடே கிடையாது. மிஸ்ட் டிரெயில் என்ற அருவிப் பாதை தொடங்கும் ஹாப்பி ஐல்ஸுக்குக் கூடாரத்திலிருந்து நடந்தே போகலாம், கார் நிறுத்த இடம் தேடி அலைய வேண்டியதில்லை. 317 அடி வெர்னல் அருவியை ஒட்டிய கருங்கல் படிகளில் ஏறும்போது சாரல் அடித்து உடம்பு மொத்தமும் நனைந்துவிடும். அதற்கு மேலே 594 அடி நெவாடா அருவி. ஹாஃப் டோம் என்ற பாறைச் சிகரத்தில் ஏற லாட்டரியில் அனுமதி கிடைத்தவர்களுக்கும் இதுதான் சரியான தளம். போகவர 14 மைலுக்கு மேல், கிட்டத்தட்ட 4,800 அடி ஏற்றம். விடிவதற்கு முன்பே நடக்க ஆரம்பித்துவிட வேண்டும். சிக்கல் முன்பதிவில்தான். சீசன் நாட்களுக்கான இடங்கள் ஐந்து மாதம் முன்பே, 15ஆம் தேதி காலை 7 மணிக்குத் திறந்து, சில நிமிடங்களில் தீர்ந்துவிடும்.

பள்ளத்தாக்கிலேயே கேம்ப் 4 என்ற இன்னொரு முகாம் உண்டு. பாறை ஏறுபவர்களின் வரலாறு பேசும் இடம், 2003இல் தேசிய வரலாற்றுப் பட்டியலிலேயே சேர்த்துவிட்டார்கள். ஆனால் முன்பின் தெரியாதவர்களோடு ஒரே இடத்தைப் பகிர வேண்டும், சாமான்களைக் கார் நிறுத்தத்திலிருந்து தூக்கிக்கொண்டு போக வேண்டும். இளைஞர்களுக்குச் சரி, குடும்பத்தோடு போகிறவர்களுக்கு நான் சொல்லமாட்டேன்.

இனி மலைமேல் இருக்கும் புல்வெளி முகாமான துவாலமி மெடோஸ். ஜூலை பாதிக்கு மேல் போகிறவர்களுக்கு என் ஓட்டு இதற்குத்தான். சீரமைப்புக்காகச் சில ஆண்டுகள் மூடியிருந்த முகாமை 2025இல் மறுபடி திறந்திருக்கிறார்கள். முகாமே 8,600 அடியில் இருப்பதால், பள்ளத்தாக்கில் பாதி நாள் மூச்சுவாங்க ஏறிச் சேரும் உயரத்தில் இங்கே காலைக் காபியே குடிக்கலாம். கதீட்ரல் ஏரிக்குச் சுமார் 1,000 அடி ஏற்றம்தான். லெம்பர்ட் டோம், கிளென் ஆலின் எல்லாம் பக்கத்திலேயே இருக்கின்றன. எனக்குப் பெரிய காரணம் கிளவுட்ஸ் ரெஸ்ட் சிகரம். டெனாயா ஏரிக்குக் கொஞ்ச தூரம் காரில் போய் நடக்க ஆரம்பித்தால், 9,926 அடி உச்சியில் நின்று ஹாஃப் டோமையே கீழே குனிந்து பார்க்கலாம். ஒரே நாளில் போய்த் திரும்புவதற்கு லாட்டரியும் வேண்டாம், ஹாஃப் டோமில் போலக் கம்பியைப் பிடித்துத் தொங்கவும் வேண்டாம்.

குறைகளும் உண்டு. துவாலமிக்குப் போகும் டயோகா சாலை நவம்பர் வாக்கில் மூடினால் மே கடைசியிலோ ஜூனிலோதான் திறக்கும், பனி அதிகமான வருடங்களில் ஜூலைகூட ஆகிவிடும். பனி உருகியதும் கொசு பிடுங்கி எடுக்கும். ஆகஸ்டில்கூட இரவுக் குளிர் உறைநிலைக்குப் பக்கத்தில் போகும். கடல்மட்டத்திலிருந்து நேராக வந்து படுத்தால் முதல் இரவு தலைவலி வரலாம், அதனால் மறுநாள் லெம்பர்ட் டோம் மாதிரிச் சின்ன நடையாக வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் சாப்பாடு. அந்த உயரத்தில் தண்ணீர் 91 டிகிரியிலேயே கொதித்துவிடும். திறந்த பாத்திரத்தில் பருப்பு லேசில் வேகாது, சோறும் நடுவில் அரிசியாக நிற்கும். 3 லிட்டர் குக்கர் ஒன்றைக் காரில் போட்டுக்கொண்டால் போதும். சமைத்து முடித்ததும் சாம்பார்ப் பொடி, ஊறுகாய், தேங்காய் எண்ணெய், பற்பசை உட்பட வாசனை வரும் எல்லாவற்றையும் கரடியால் திறக்க முடியாத கரடிப் பெட்டியில் வைத்துப் பூட்ட வேண்டும். இரவில் காரில் விடக்கூடாது. கரடி கதவைப் பிய்த்துவிடும். இது எல்லா முகாம்களுக்கும் பொதுவான விதி.

இரண்டிலுமே இடம் கிடைக்காவிட்டால் 6,200 அடியில் இருக்கும் கிரேன் ஃபிளாட்டைப் பாருங்கள். பள்ளத்தாக்குக்கு அரை மணி, துவாலமிக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம், பக்கத்திலேயே பெட்ரோல் பங்க். தெற்கே இருக்கும் வவோனா மட்டும் வேண்டாம். அங்கிருந்து துவாலமிக்குப் போய்வருவதிலேயே பாதி நாள் கரைந்துவிடும்.