லோ-ஃபுட், ஹை-ஃபுட்: எந்தத் துடிப்பு தாங்கும்?

அமெரிக்காவின் லிவர்மோரில் உள்ள என்.ஐ.எஃப். (தேசிய பற்றவைப்பு மையம்) ஆய்வுக்கூடத்தில், அணுக்கரு இணைவை உண்டாக்க 192 லேசர் கற்றைகள் தங்க உருளையைச் சூடாக்குகின்றன. இங்கே ஒப்பிடும் பரிசோதனைகளில், அதில் எழும் எக்ஸ் கதிர், ஹைட்ரஜன் எரிபொருளை உள்ளே வைத்த சுமார் 2 மி.மீ. விட்டமுள்ள பிளாஸ்டிக் காப்ஸ்யூலை நசுக்கியது. லேசர் துடிப்பின் தொடக்கப் பகுதியை (அதுவே ‘ஃபுட்’) எவ்வளவு வலுவாக வைப்பது என்பதில்தான் வழிகள் பிரிகின்றன: வலு குறைந்தால் லோ-ஃபுட், கூடினால் ஹை-ஃபுட்.

2012 வரை ஓடியது லோ-ஃபுட்: சுமார் 20 நானோசெகண்ட் நீளத் துடிப்பு, காப்ஸ்யூலுக்குள் நான்கு அதிர்வலைகள். எரிபொருள் குளிர்ந்தே இருப்பதால் நன்றாக அமுங்கும். காகிதத்தில் இதுவே சிறந்தது. ஆனால் காப்ஸ்யூலைத் தாங்கும் படலம், மயிரிழையை விடப் பல நூறு மடங்கு மெல்லியது, காப்ஸ்யூலின் ஓட்டிலிருந்து விலகும் இடத்தில் வளையமாக ஒரு தழும்பை விடுகிறது. ரேலீ-டெய்லர் நிலையின்மை (லேசான பொருள் கனமானதைத் தள்ளும்போது எல்லையிலுள்ள சிறு மேடுபள்ளம் வளர்வது) அதைப் பெரிதாக்க, பிளாஸ்டிக் உள்ளே கலந்து, கார்பன் வெப்பத்தைக் கதிராக வீசிவிடுகிறது. மையம் குளிர்ந்துபோகிறது.

ஹை-ஃபுட்டில் சுமார் 15 நானோசெகண்ட், மூன்று அதிர்வலைகள். முதல் அதிர்வலை வலுவானது. மேற்பரப்பு வேகமாக ஆவியாகிறது, அடர்த்திச் சரிவும் மென்மையாகிறது. அதனால் மேடுபள்ளம் அவ்வளவாக வளர்வதில்லை. விலை: அமுக்கம் குறைவு. ஆனாலும் எவ்வளவு இணைவு நடந்தது என்பதைக் காட்டும் நியூட்ரான் விளைச்சல் சுமார் பத்து மடங்கு கூடியது. கரடான ஓடு கையில் இருந்தால் ஹை-ஃபுட்தான் சரி.