பால்கனிக்குப் பணம் கட்டி ஜன்னல் இல்லாத அறையில் போனோம்: கப்பல் சுற்றுலா போகிறவர்கள் கவனத்துக்கு

ஒன்பதாவது முறை கப்பல் ஏறியவன் ஏமாந்தான் என்றால் யாரும் பரிதாபப்பட மாட்டார்கள். என் மனைவியே படவில்லை. "முப்பது வருஷம் பேங்கில் உட்கார்ந்து அடுத்தவன் கையெழுத்தை உத்து உத்துப் பார்த்தீங்களே, சொந்தக் காசுன்னதும் கண்ணு எங்கே போச்சு?" என்று கேட்டாள். அவளுக்குச் சொல்ல முடியாத பதிலை இங்கே எழுதுகிறேன்.

எங்கள் குடும்பத்துக்குக் கப்பல் பைத்தியம் பழசு. பெரியப்பா எம்.வி. சிதம்பரம் கப்பலில் சென்னையிலிருந்து பினாங்குக்குப் போய் வந்தவர். 1985-ல் அந்தக் கப்பல் தீப்பிடித்து, போக்குவரத்தே நின்றுபோன பிறகும் அவர் வாய் ஓயவில்லை. அந்தக் கதைகளைக் கேட்டு வளர்ந்த அக்காவுக்கு, பினாங்கில் கப்பலிலிருந்து இறங்க வேண்டும் என்று ஒரு ஆசை. மாமா ரிட்டயர் ஆனதும் சரி, போவோம் என்று முடிவானது. சிங்கப்பூரில் ஏறி, பினாங்கு, புக்கெட் பார்த்துவிட்டு மறுபடி சிங்கப்பூர். நான்கு இரவு. 2024 நவம்பர் 18, திங்கட்கிழமை புறப்பாடு.

இதற்கு முன் எட்டு முறையும் கப்பல் கம்பெனியின் இணையதளத்தில் நானே பதிவு செய்தவன். இந்த முறை காலையில் கூட நடக்கும் நண்பர் ஒருவர், "நமக்குத் தெரிஞ்ச பையன், டிராவல்ஸ் வச்சிருக்கான், உங்களுக்குன்னா குறைச்சுப் போடுவான்" என்றார். பையன் வீட்டுக்கே வந்தான். அக்கா காலில் விழாத குறையாக மரியாதை. கையில் பளபளவென்று ஒரு கோப்பு. நாலு பேருக்கு இரண்டு பால்கனி அறை, ஆளுக்கு 68,000 ரூபாய். ஜிஎஸ்டி 13,600, டிசிஎஸ் (வெளிநாட்டுச் சுற்றுலாவுக்கு முன்கூட்டியே பிடிக்கும் வரி) 14,280, கப்பலில் கட்ட வேண்டிய டிப்ஸ் முன்கூட்டியே 24,000, சிங்கப்பூர், மலேசிய வருகை அட்டைகளுக்கு ஆளுக்கு 1,200 வீதம் 4,800, புக்கெட்டில் சுற்றிக் காட்ட 14,000. ஆக 3,42,680 ரூபாய். ஆகஸ்ட் 14 அன்று முழுத் தொகையையும் அனுப்பினேன். கம்பெனி கணக்குக்கு அல்ல, அவன் பெயரில் இருந்த சேமிப்புக் கணக்குக்கு. "கரண்ட் அக்கவுண்ட்ல ஒரு சின்னப் பிரச்சினை அங்கிள்" என்றான். இதே வார்த்தையை எத்தனை வாடிக்கையாளர்கள் என் மேஜைக்கு எதிரே உட்கார்ந்து சொல்லிப் புலம்பியிருக்கிறார்கள்! அன்றைக்கு அது என் காதிலேயே விழவில்லை.

மறுநாள் வாட்ஸ்அப்பில் ஒரு வவுச்சர் வந்தது. கப்பல் படம், எங்கள் பெயர்கள், 'பால்கனி' என்று தடித்த எழுத்து, கீழே ஒரு ஃபைல் நம்பர். கப்பல் கம்பெனியின் புக்கிங் நம்பர் இல்லை. இந்த இரண்டும் வேறு வேறு. ஃபைல் நம்பர் என்பது ஏஜென்ட் தன் நோட்டில் போட்டுக்கொள்ளும் எண், அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. கப்பல் கம்பெனியின் எண் கிடைத்தால், அதையும் உங்கள் பெயரையும் அந்தக் கம்பெனியின் ஆப்பில் போட்ட உடனே எந்த வகை அறை, எவ்வளவு பாக்கி எல்லாம் தெரிந்துவிடும். பணம் கட்டிய இரண்டு மூன்று நாளில் அந்த எண் வந்தாக வேண்டும். நான் மூன்று முறை கேட்டேன். முதல் முறை "சிஸ்டம் டவுன்". இரண்டாம் முறை "குரூப் புக்கிங், கடைசியில்தான் பிரிச்சுத் தருவாங்க". மூன்றாம் முறை, பயணத்துக்கு நாலு நாள் முன்னால், எண் வந்தது. அதையாவது உடனே ஆப்பில் போட்டுப் பார்த்திருக்கலாம். ஊரில் மழை, பெட்டி கட்டும் அவசரம், விட்டுவிட்டேன்.

மரினா பே கப்பல் முனையத்தில் வரிசையில் நின்று கவுண்டருக்குப் போனதும் முதல் சிக்கல் அக்காவின் பெயர். நம் ஊர்க்காரர்களுக்குக் குடும்பப் பெயர் கிடையாது. பாஸ்போர்ட்டில் அப்பா பெயரோ வீட்டுக்காரர் பெயரோ முழுசாக இருக்கும். பையன் பயணச்சீட்டில் வெறும் இனிஷியலைப் போட்டுவிட்டான். கவுண்டரில் இருந்த பெண் யாரையோ கூப்பிட்டு, அவர் இன்னொருவரைக் கூப்பிட்டு, முக்கால் மணி நேரம். அக்கா பாவம், கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்தபடி, பரீட்சை எழுதப் போகிற பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தார்.

அந்தத் தகராறில்தான் விஷயம் வெளியே வந்தது. திரையை என் பக்கம் திருப்பிக் காட்டினாள் அந்தப் பெண். அறை வகை: உள்ளறை, கேரண்டி. இரண்டு அறையும் அப்படித்தான். பதிவு செய்த தேதி: அக்டோபர் 2. டிப்ஸ் கட்டப்படவில்லை. நான் ஆகஸ்டிலேயே வந்த வவுச்சரைக் காட்டினேன். அவள் அதைப் பார்த்துவிட்டு, மிகவும் மரியாதையாக, "உங்கள் ஏஜென்டைக் கேளுங்கள்" என்றாள். அன்றைக்குக் கப்பல் முழுக்க நிரம்பிவிட்டதால், காசு கொடுத்து மாற்றிக்கொள்ளவும் வழியில்லை.

அதாவது என் பணத்தை ஒன்றரை மாதம் வைத்திருந்து, விலை இறங்கியபோது இருப்பதிலேயே மலிவான அறையைப் பிடித்திருக்கிறான். கேரண்டி என்ற சொல்லைப் பார்த்து ஏதோ உயர்ந்த வகை என்று நினைத்துவிடாதீர்கள். அறையின் வகை மட்டும்தான் உறுதி. கப்பலில் எந்த மூலையில் அது இருக்கும் என்பதைக் கம்பெனி கடைசியில் முடிவு செய்யும். தெரிந்து வாங்கினால் அதில் தப்பே இல்லை, நானே இரண்டு முறை அப்படிப் போயிருக்கிறேன். பால்கனி விலை கொடுத்துவிட்டு அதில் போய்ப் படுப்பதுதான் வயிற்றெரிச்சல்.

உள்ளறையில் ஜன்னல் கிடையாது. விளக்கை அணைத்தால் கும்மிருட்டு. முதல் இரவு மாமா இரண்டரை மணிக்கு எழுந்து குளித்து, திருநீறு பூசிக்கொண்டு, காபி குடிக்கலாம் என்று எங்கள் கதவைத் தட்டினார். அப்புறம்தான் எனக்குத் தெரிந்த பழைய தந்திரத்தைச் செய்து கொடுத்தேன்: அறை டிவியில் கப்பலின் முன்பக்கக் கேமரா ஓடும் சேனல் ஒன்று இருக்கும், சத்தத்தைக் குறைத்து அதை அப்படியே விட்டுவிட வேண்டும். விடிந்தால் திரை வெளுக்கும். மூன்று நாளும் அக்கா அந்த டிவியைத்தான் 'ஜன்னல்' என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

டிப்ஸ் கதை இரண்டாம் நாள் இரவு. டிவியிலேயே நம் கப்பல் கணக்கைப் பார்க்கலாம். ஆளுக்கு ஒரு நாளைக்கு 18 டாலர் ஏறிக்கொண்டிருந்தது. நாலு பேர், நாலு இரவு, 288 டாலர். ரூபாயில் 24,000 சொச்சம். அவன் என்னிடம் வாங்கிய அதே தொகை, கணக்கில் மட்டும் கெட்டிக்காரன். மறுபடி கட்டினேன். பரிமாறுகிறவர்களுக்கும் அறை துடைப்பவர்களுக்கும் போகிற பணம் அது, ஏஜென்ட் மேல் இருந்த கோபத்தில் அதை நிறுத்தச் சொல்ல மனசு வரவில்லை. 'தென்னிந்தியச் சாப்பாடு உண்டு' என்று அவன் சொன்னதும் பொய்தான், எல்லாம் பனீரும் நான் ரொட்டியும். ஆனால் தலைமைப் பரிமாறுபவரிடம் முந்தைய இரவே சொல்லி வைத்தால் பெரும்பாலும் நடக்கும். கொல்லத்துக்காரர் ஒருவர் மறுநாள் மாமாவுக்குக் குழைந்த சோறும் தயிரும் இஞ்சித் துண்டும் கொண்டுவந்து வைத்தார். பயணம் முழுக்க மாமா சிரித்தது அப்போதுதான்.

பினாங்கில் ஒரு குறையும் இல்லை, ஏனென்றால் அங்கே அவனிடம் எதையும் வாங்கவில்லை. கப்பல் நிற்கும் சுவெட்டன்ஹாம் துறை ஜார்ஜ் டவுனை ஒட்டியே இருக்கிறது. இறங்கி நடந்தால் லிட்டில் இந்தியா, குயின் ஸ்ட்ரீட் மகாமாரியம்மன் கோயில், கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் எல்லாம் பக்கத்திலேயேதான். இங்கே சுற்றுலாப் பொட்டலம் விற்கிறவர்களிடம் ஏமாறாதீர்கள். கோயில் வாசலில் நின்று அக்கா, "பெரியப்பா இங்கேதான் பூ வாங்கியிருப்பாரு" என்று தானாகவே முடிவு செய்துகொண்டார். எங்களில் யாரும் மறுத்துப் பேசவில்லை.

புக்கெட்டில்தான் கதி கலங்கியது. தாய்லாந்து நேரம் சிங்கப்பூருக்கு ஒரு மணி பின்னால். எங்கள் கப்பலோ சிங்கப்பூர் நேரத்திலேயே ஓடியது. படோங் கடற்கரைக்கு வெளியே நங்கூரம் போட்டு, சின்னப் படகுகளில் கரைக்கு அனுப்பினார்கள். கடைசிப் படகு மாலை 6:30, கப்பல் நேரம். கரையில் அது 5:30. பையன் தந்த தாளில் 'மாலை 6 மணிக்குப் படகுத்துறை' என்று இருந்தது. வேன் ஓட்டுநரிடமும் அதையே சொல்லியிருக்கிறான், அவரும் தன் ஊர் நேரத்தில் நிதானமாக ஓட்டினார். கரையில் இறங்கியதும் எங்கள் போன்கள் தாமாகவே தாய்லாந்து நேரத்துக்கு மாறிவிட்டன. வாட் சலோங் கோயிலில் நின்று என் போனைப் பார்த்தேன், 4:20. நிறைய நேரம் இருக்கிறதே என்று இளநீர் சொன்னேன். மனைவி தன் பழைய எச்எம்டி கைக்கடிகாரத்தை நீட்டினாள். அது 5:20 காட்டியது. விமானத்தில் சிங்கப்பூர் நேரத்துக்குத் திருப்பி வைத்ததோடு சரி, அதற்குப் பிறகு அதை அவள் தொடவில்லை. இரண்டு பேரும் ஒரு நிமிஷம் அந்தக் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டு நின்றோம். இளநீரை அப்படியே வைத்துவிட்டு ஓடினோம். படோங் மலையேற்றத்தில் வண்டிகள் ஊர்ந்தன. படகுத்துறையை அடைந்தபோது எச்எம்டியில் 6:25. கயிற்றை அவிழ்க்கக் கை வைத்திருந்தான் ஒரு பையன், எங்களைப் பார்த்து நிறுத்தினான்.

கப்பல்காரர்களே விற்கும் கரைச் சுற்றுலாவில் போய்த் தாமதமானால் கப்பல் காத்திருக்கும். வெளியே வாங்கினால் காத்திருக்காது. அடுத்த துறைமுகத்துக்கு உங்கள் சொந்தச் செலவில்தான் போய்ச் சேர வேண்டும். வெளியே வாங்குவது மலிவு, நானும் வாங்குகிறவன்தான். ஆனால் நேரம் மாறும் ஊரில், படகில் இறங்கும் ஊரில், இனி வாங்க மாட்டேன். கப்பல் நேரத்தில் ஓடும் கைக்கடிகாரம் ஒன்றும் கையில் இருக்கட்டும்.

ஊர் திரும்பியதும் பையன் சொன்னது: "கப்பல்காரங்க கடைசி நேரத்துல அறையை மாத்திட்டாங்க அங்கிள்." அக்டோபர் 2 தேதியைச் சொன்னேன். அதற்குப் பிறகு அங்கிள், சார் ஆனார். இரண்டு தவணையாக 30,000 ரூபாய் திருப்பித் தந்தான். மார்ச்சுக்குப் பிறகு போனை எடுப்பதில்லை. வாக்கிங் நண்பர் இப்போது எதிர்ப்பக்க நடைபாதையில் நடக்கிறார்.

ஜூலையில் வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்ய, நம் பான் எண்ணில் கட்டிய வரியைக் காட்டும் 26ஏஎஸ் படிவத்தை இறக்கிப் பார்த்தபோது இன்னொன்று தெரிந்தது. டிசிஎஸ் என்று என்னிடம் வாங்கிய 14,280 அதில் இல்லவே இல்லை. வெளிநாட்டுச் சுற்றுலாவுக்கு வாங்கும் டிசிஎஸ், நம் பான் எண்ணில் அரசுக்குக் கட்டப்பட்டு, நாம் வரியில் கழித்துக்கொள்ள வேண்டிய பணம். உங்களிடமும் யாராவது வாங்கியிருந்தால் 26ஏஎஸ்-ஐ ஒரு தடவை திறந்து பாருங்கள். வருகை அட்டைக்கு வாங்கிய 4,800 இன்னும் கேவலம். சிங்கப்பூர் அட்டையும் மலேசிய அட்டையும் அந்தந்த அரசின் தளத்தில் இலவசம். ஆளுக்குப் பத்து நிமிஷ வேலை.

முதலில் 1915-க்கு, தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்குப் பேசினேன். புகாரைப் பதிந்து அவனுக்கு அனுப்பினார்கள், பதில் இல்லை. பிறகு நுகர்வோர் வழக்குகளுக்கான இ-ஜாக்ரிதி தளத்தில் நானே மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு போட்டேன். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் இருந்தால் கட்டணம் இல்லை. நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம், இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும். வக்கீலும் கட்டாயமில்லை. கவுண்டரில் அந்தத் திரையைப் போனில் படம் எடுத்துக்கொள்ளத் தோன்றியது என் நல்ல நேரம். அந்தப் படம், வவுச்சர், நெஃப்ட் ரசீது, டிப்ஸ் ஏறிய கப்பல் பில், வாட்ஸ்அப் பேச்சு எல்லாவற்றையும் சேர்த்தேன். கிரெடிட் கார்டில் நேராகக் கப்பல் கம்பெனிக்குக் கட்டியிருந்தால் பேங்க் வழியாகவே தகராறு எழுப்பியிருக்கலாம். சேமிப்புக் கணக்குக்குப் போன நெஃப்டை எந்த பேங்கும் திருப்பித் தராது. அதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை, முப்பது வருஷம் அதைத்தான் மற்றவர்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

எதிர்த்தரப்புக்கு நோட்டீஸ் போயிருக்கிறது. போன வாரம் அவன் கடை வழியாகப் போனேன். வாசலில் புது பேனர்: கிறிஸ்துமஸ் கப்பல் சுற்றுலா, பால்கனியில் காபி குடிக்கும் ஒரு தம்பதி. கீழே ஸ்கேன் செய்து பணம் கட்டும் சதுரம். இறங்கி ஸ்கேன் செய்து பார்த்தேன். அதே சேமிப்புக் கணக்கு, அதே பெயர். அதையும் ஒரு படம் எடுத்துக்கொண்டேன், அடுத்த வாய்தாவுக்கு ஆகும்.