607402: இரண்டு முகவரிக் குறியீடுகளோடு என் அனுபவம்

கடலூரை அடுத்த குண்டு உப்பலவாடியில் வீடு கட்டிக்கொண்டிருக்கும் நண்பர் ஒருவர் சென்ற வாரம் தொலைபேசியில் அழைத்தார். அவருடைய மனைக்கு இன்னும் கதவு எண் வரவில்லை. தெருவுக்குப் பெயர்ப் பலகையும் கிடையாது. செங்கல் லாரிக்காரரிலிருந்து மின் இணைப்புக்கு வருபவர் வரை ஒவ்வொருவருக்கும் வழி சொல்லிச் சலித்துப் போனவர், "பிளஸ் கோடு நல்லதா, தபால் துறையின் டிஜிபின் நல்லதா, கேட்டில் எதை எழுதட்டும்?" என்று கேட்டார். இரண்டுமே கதவு எண்ணும் தெருப் பெயரும் இல்லாமல், நிலத்தில் ஓர் இடத்தைச் சில எண்களாலும் எழுத்துகளாலும் சுட்டும் குறியீடுகள். புதிதாக எந்தச் செயலியோ இணையச் சேவையோ வந்தாலும் அன்றைக்கே நிறுவிப் பார்த்துவிடுகிறவன் என்பதால் இந்தக் கேள்வி என்னிடம் வந்தது. முதலாவதை நான்கு ஆண்டுகளாகப் பயன்படுத்துகிறேன். இரண்டாவதை அது வெளியான 2025 மே மாதத்திலிருந்து பயன்படுத்துகிறேன். அவருக்கு ஒரு வரியில் பதில் சொல்லிவிட்டேன். ஆனால் அந்த ஒரு வரிக்குப் பின்னால் இருப்பது என் ஊரின் அஞ்சல் எண்ணோடு நான் நடத்திவரும் நீண்ட வழக்கு என்பதால், அதை முழுமையாக எழுதிவிட வேண்டும் என்று தோன்றியது.

நான் இருப்பது பாகூரில். புதுச்சேரி யூனியன் பிரதேசத்தைச் சேர்ந்த கொம்யூன், அதாவது உள்ளாட்சிப் பகுதி, இது. நாங்கள் வாக்களிப்பது புதுச்சேரிச் சட்டப்பேரவைக்கு. எங்கள் வண்டிகளின் எண் பிஒய் என்று தொடங்குகிறது. ஆனால் எங்கள் அஞ்சல் குறியீட்டு எண் 607402, அதாவது கடலூர் வரிசை எண். இதில் அஞ்சல் துறையின் பிழை எதுவுமில்லை. 1972 ஆகஸ்ட் 15 அன்று இந்த எண்முறை நடைமுறைக்கு வந்தபோது, கடிதங்கள் எங்கே பிரிக்கப்பட்டு எந்த அஞ்சலகத்தின் வழியாகப் பட்டுவாடா ஆகும் என்பதைக் காட்டத்தான் அதை வகுத்தார்கள். மாநில எல்லையைக் காட்டும் பொறுப்பை யாரும் அதன் தலையில் ஏற்றவில்லை. தென்பெண்ணையைத் தாண்டினால் கடலூர் என்னும்போது எங்கள் கடிதங்கள் அந்த வரிசையில் சேர்ந்தது இயல்பே. இதே யூனியன் பிரதேசத்தின் காரைக்காலுக்கு 609602, மாகிக்கு 673310, ஏனாமுக்கு 533464 என்று மூன்று வேறு வரிசைகள் இருக்கின்றன. மறுபக்கம், புதுச்சேரி நகரத்தின் 605 வரிசையிலேயே வரும் 605602 விழுப்புரத்துக்கு உரியது, அது தமிழ்நாடு.

இதை அறியாத யாரோ எழுதிய நிரல்தான் இத்தனை ஆண்டுகளாக என்னை வாட்டுகிறது. பொருள் வாங்கும் செயலியிலோ, காப்பீட்டுப் படிவத்திலோ, புதிதாகத் தொடங்கும் ஏதாவது ஒரு சேவையிலோ முகவரியை நிரப்பும்போது, ஆறாவது இலக்கமான 2-ஐத் தட்டிய அந்தக் கணத்தில் மாநிலத்துக்கான கட்டம் தானாகவே "தமிழ்நாடு" என்று நிரம்பி, சாம்பல் நிறமாகி, பூட்டிக்கொள்ளும். அதன்மேல் விரலை வைத்து எத்தனை முறை அழுத்தினாலும் திறக்காது. சில படிவங்களில் மாநிலத்தை முதலில் தேர்ந்தெடுக்கலாம்; அங்கே புதுச்சேரியைத் தேர்ந்தெடுத்துவிட்டு 607402 என்று எழுதினால், அஞ்சல் எண் மாநிலத்தோடு பொருந்தவில்லை என்று சிவப்பு எழுத்தில் ஒரு வரி வரும். பெயர் 2006-இலேயே மாறிவிட்டது தெரியாமல் இன்னமும் "பாண்டிச்சேரி" என்று பட்டியலிட்டிருக்கும் படிவங்களையும் பார்த்திருக்கிறேன். ஆனால் அவற்றையாவது தேடிக் கண்டுபிடித்துவிடலாம். பூட்டிய கட்டத்தை என்ன செய்வது?

வீட்டுக்கு வாங்கும் பொருளாக இருந்தால் இதைப் பொறுத்துக்கொள்ளலாம். உறையின் மேல் எந்த மாநிலத்தை அச்சிட்டாலும் எங்கள் தபால்காரர் கொண்டுவந்து கொடுத்துவிடுகிறார். ஒரு பொருள்கூட இதனால் தொலைந்ததில்லை என்பதை நியாயமாகச் சொல்லிவிட வேண்டும். ஆனால் நான் ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவன். கடையின் ஜிஎஸ்டி எண் 34 என்று தொடங்குகிறது. அது புதுச்சேரிக்கு உரிய எண், தமிழ்நாட்டுக்கு 33. சென்னையிலுள்ள விற்பனையாளரிடமிருந்து டோனர் (ஜெராக்ஸ் இயந்திரத்துக்கான மைத்தூள்) வாங்கினால் அது மாநிலம் கடந்த வணிகம் என்பதால் பில்லில் அதற்கென உள்ள ஐஜிஎஸ்டி வரி இருக்க வேண்டும். நான் வாங்கும் சேவையின் நிரலோ 607-ஐப் பார்த்து நான் தமிழ்நாட்டில் இருக்கிறேன் என்று முடிவுசெய்து, மத்திய அரசுக்கான சிஜிஎஸ்டி, தமிழ்நாட்டு அரசுக்கான எஸ்ஜிஎஸ்டி என இரண்டாகப் பிரித்து, ஒரே மாநிலத்துக்குள் நடந்த வணிகம்போலப் பில் போட்டது. கட்டிய மொத்த வரியில் ஒரு ரூபாய்கூட வேறுபாடு இல்லை. ஆனால் அந்த வரியைப் புதுச்சேரிக் கணக்கில் வரவாக எடுத்துக்கொள்ள முடியாது என்று ஆடிட்டர் பில்லைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். வாடிக்கையாளர் உதவிக்கு மூன்று முறை எழுதினேன். மூன்று முறையும் "உங்கள் அஞ்சல் எண்ணைச் சரிபார்த்துக்கொள்ளவும்" என்ற பதிலே வந்தது. எண் சரியாகத்தான் இருக்கிறது, அதைப் படிக்கும் முறையில்தான் கோளாறு என்பதை அவர்களுக்கு என்னால் புரியவைக்கவே முடியவில்லை.

இந்த மனநிலையில் இருந்தவனுக்கு பிளஸ் குறியீடு எவ்வளவு பெரிய ஆறுதலாக வந்தது என்பதை இந்தப் பக்கத்து ஊர்க்காரர்கள் உடனே புரிந்துகொள்வார்கள். கூகுள் 2014-இல் யாரும் பயன்படுத்திக்கொள்ளும்படி திறந்து வெளியிட்ட முறை அது. நான் முதன்முதலில் என் வீட்டுக்கான முழுக் குறியீட்டைப் பார்த்தபோது அது 7ஜே3எக்ஸ் என்று தொடங்கியது. கடலூர்ப் பேருந்து நிலையத்துக்குப் பார்த்தேன்; அதே தொடக்கம். புதுச்சேரிக் கடற்கரைக்கும் அதுவே, விழுப்புரத்துக்கும் அதுவே, தெற்கே சிதம்பரத்துக்கும் அதுவே. வடக்கு அட்சரேகை 11 பாகைக்கும் 12 பாகைக்கும், கிழக்குத் தீர்க்கரேகை 79-க்கும் 80-க்கும் இடையிலுள்ள சதுரம் முழுவதும் அந்த நான்கு எழுத்துகளுக்குள் அடங்கிவிடுகிறது. ஆரோவில்லின் மாத்ரிமந்திர் மட்டும் 12 பாகைக் கோட்டைக் கொஞ்சம் தாண்டிவிட்டதால் அடுத்த சதுரத்துக்குப் போய்விடுகிறது. எந்த மாநிலம் என்று கேட்காமல், நிலத்தில் எங்கே நிற்கிறாய் என்று மட்டும் கேட்கும் ஒரு முகவரியை அன்றைக்குத்தான் முதன்முதலாகக் கண்டேன். அன்று மாலை முழுவதும் எனக்குத் தெரிந்த இடங்களையெல்லாம் ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

அந்த மகிழ்ச்சி 2024 இறுதியில் வேறொரு பொருள் பெற்றது. நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. அடுத்து சாத்தனூர் அணையிலிருந்து திறந்துவிட்ட நீரால் தென்பெண்ணை பெருகி, பாகூர்ப் பக்கத்துக் கிராமங்களிலும் கடலூரிலும் வெள்ளம் புகுந்தது. கைப்பேசியில் இணையம் வருவதும் போவதுமாக இருந்தது. குறுஞ்செய்தி மட்டும் எப்படியோ போய்ச் சேர்ந்தது. ஆற்றோரத்தில் தண்ணீர் சூழ்ந்திருந்த உறவினர் வீட்டின் குறியீட்டை, ஊர்ப் பெயரைச் சொன்னால் விட்டுவிடக்கூடிய முதல் நான்கு எழுத்துகளையும் விடாமல், டிராக்டரில் பாலும் ரொட்டியும் எடுத்துச் சென்ற இளைஞர்களுக்குக் குறுஞ்செய்தியில் அனுப்பினேன். ஓபன்ஸ்ட்ரீட்மேப் என்னும் திறந்த வரைபடத்தின் தரவுகளை முன்பே இறக்கி வைத்திருந்த ஓஸ்மாண்ட் என்னும் வரைபடச் செயலியில் அவர்கள் அதைத் தட்டினார்கள். இணையமே இல்லாமல் புள்ளி அந்த வீட்டின் மேல் போய் நின்றது. வயலும் சாலையும் ஒரே தண்ணீராகக் கிடந்த அன்று, "மூன்றாவது மின்கம்பத்துக்கு இடது பக்கம்" என்று சொல்லியிருந்தால் யாருக்கும் பயன்பட்டிருக்காது.

டிஜிபின் வெளியானபோது எனக்கு இன்னும் பெரிய எதிர்பார்ப்பு இருந்தது. இந்திய அஞ்சல் துறை, ஹைதராபாத் ஐஐடியோடும் இஸ்ரோவின் தேசியத் தொலையுணர்வு மையத்தோடும் சேர்ந்து உருவாக்கிய முறை அது. தனியார் நிறுவனத்தைச் சாராதது, கணக்கிடும் நிரலையே திறந்து வெளியிட்டார்கள், யாருடைய பெயரும் விவரமும் அதில் சேர்வதில்லை. நாட்டின் பரப்பு முழுவதையும் 16 கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்தையும் மீண்டும் 16 ஆகப் பிரித்து, இப்படிப் பத்து முறை செய்தால் ஏறத்தாழ 4 மீட்டர் அகலமுள்ள சதுரத்தில் வந்து நிற்கும். அந்தப் பத்து முறைக்கும் பத்து எழுத்துகள். நிரலைப் படித்து அன்றிரவே என் கைப்பேசியில் இணையமின்றி ஓடும்படி செய்துகொண்டேன். பாகூருக்கு 4டிஎல் (4TL) என்று தொடங்கியது. கடலூருக்கும் 4டிஎல். புதுச்சேரிக் கடற்கரைச் சாலைக்கோ 4டிஎம்.

அதைப் பார்த்ததும் எனக்குத் துணுக்கென்றது. கட்டத்தின் கோடு 79.8125 பாகைத் தீர்க்கரேகையில் விழுவது வெறும் கணக்கு. வகுத்தால் அங்கேதான் விழும், எங்கள் எல்லையைப் பார்த்து யாரும் அதை வரையவில்லை. ஆனால் 607-ஐப் பார்த்து என்னைத் தமிழ்நாட்டில் சேர்த்த அதே வகை நிரலாளர், நாளைக்கு 4டிஎம் என்றால் புதுச்சேரி, 4டிஎல் என்றால் தமிழ்நாடு என்று ஒரு வரி எழுதினால் போதும், நாங்கள் பழைய இடத்துக்கே திரும்பிவிடுவோம். இது நடந்துவிடவில்லை, டிஜிபினைக் கேட்கும் வணிகப் படிவம் எதையும் நான் இதுவரை நிரப்பியதில்லை. இருந்தாலும் சூடுபட்டவனுக்கு இந்தப் பயம் வரத்தான் செய்கிறது.

துல்லியம் என்று பார்த்தால் டிஜிபின் மிக நுட்பமானது. என் அன்றாடப் பயன்பாட்டில் அந்த நுட்பமே இடைஞ்சலாகவும் இருக்கிறது. வீட்டு வாசற்படியில் கைப்பேசியோடு நின்றால் ஒரு குறியீடு, நான்கு எட்டு வைத்துக் கேட்டுக்கு வந்தால் வேறு. திறந்த வானத்தின் கீழே கைப்பேசியின் ஜிபிஎஸ் ஏறத்தாழ 5 மீட்டர் வரை பிசகுவது இயல்பு. காங்கிரீட் கூரைக்கு அடியில் அது இன்னும் அலையும். சதுரம் 4 மீட்டர், பிசகு 5 மீட்டர் என்றால், ஒரே படியில் நின்று திங்கட்கிழமை எடுத்த குறியீடும் வியாழக்கிழமை எடுத்ததும் கடைசி எழுத்தில் மாறுபட்டதில் வியப்பில்லை. பிளஸ் குறியீட்டின் பத்து எழுத்துச் சதுரம் ஏறத்தாழ 14 மீட்டர். அதில் எங்கள் வீடும் வேப்பமரமும் அடங்கிவிடுகின்றன, எப்போது எடுத்தாலும் ஒரே விடை வருகிறது. புதுச்சேரி நகரத்தில் சுவரோடு சுவர் ஒட்டிய குறுகலான வீடுகளில் இருப்பவர்களுக்கு 4 மீட்டர்ச் சதுரமே வேண்டும் என்பதை மறுக்கவில்லை. மாடிக்கும் தரைத்தளத்துக்கும் இரண்டு முறைகளிலும் ஒரே குறியீடுதான்.

இவை எல்லாவற்றையும் விட என்னைத் தொடர்ந்து சோதிப்பது ஒன்று உண்டு. முகவரியை எழுதுவதைவிட வாயால் சொல்வதுதான் எங்களுக்கு அதிகம். டிஜிபினில் எண்களைத் தவிர எட்டு ஆங்கில எழுத்துகள் இருக்கின்றன: சி, பி, டி (C, P, T) ஒரே ஓசை, எஃப், எல், எம் இன்னொரு ஓசை, ஜே, கே மூன்றாவது ஓசை. எட்டு எழுத்தும் இந்த மூன்று கூட்டத்துக்குள் அடங்கிவிடுவதை உரக்கச் சொல்லிப் பார்த்தால்தான் உணர முடியும். கன்னியக்கோயில் பக்கம் நெடுஞ்சாலையில் வண்டியை நிறுத்திவிட்டு, லாரிகள் கடந்துபோகும் இரைச்சலில் கூரியர் தம்பி, "அண்ணே, கடைசியில டி-யா, பி-யா?" என்று கேட்கிறார். நான் டி என்கிறேன். தமிழில் ஒலிக்கும் டி அவருக்கு ஆங்கிலத்தின் வேறோர் எழுத்தாகவும் (D) படுகிறது, அந்த எழுத்தோ இந்த முறையிலேயே இல்லை என்பதால் செயலி ஏற்க மறுக்கிறது. மூன்றாவது முயற்சியில் அவர், "ஏரிக்கரைக்கு வந்துடறேண்ணே, நீங்க வெளியே வந்து நில்லுங்க" என்று சொல்லிவிட்டார். பிளஸ் குறியீட்டிலும் சி, ஜி, பி, வி என்று ஒலி ஒத்தவை உண்டு. ஆனால் டபிள்யூ, எக்ஸ், எச், ஆர், க்யூ போன்றவை இடையிடையே வந்து காதுக்குப் பிடி கொடுக்கின்றன. பூஜ்யமும் ஒன்றும் அதில் கிடையாது, உயிரெழுத்துகளும் இல்லை. ஆங்கில எழுத்து ஓரளவே தெரிந்த என் அம்மா, நான் தொலைபேசியில் சொல்லச் சொல்லக் காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதியதை வீட்டுக்கு வந்ததும் தட்டிப் பார்த்தேன். ஓர் எழுத்தும் பிசகாமல் எங்கள் வாசலுக்கே கொண்டுவந்துவிட்டது.

மதிப்பெண் போட்டால் டிஜிபின்தான் முந்தும். நாட்டின் அஞ்சல் துறையே பொறுப்பேற்ற முறை, துல்லியம் அதிகம், இணையம் வேண்டாம், கட்டணம் இல்லை. அப்படியிருந்தும் நண்பருக்கு நான் சொன்ன ஒரு வரி இதுதான்: கேட்டில் பிளஸ் குறியீட்டை எழுதுங்கள், முதல் நான்கு எழுத்துகளையும் சேர்த்தே எழுதுங்கள்.

என் கடைக் கதவில் இரண்டையும் எழுதி வைத்திருந்தேன். சென்ற சனிக்கிழமை மீண்டும் ஒரு டோனர் பில் "தமிழ்நாடு" என்று வந்தது. மறுநாள் காலையில் டிஜிபின் இருந்த வரியின்மேல் பெயின்ட் அடித்துவிட்டேன். அந்தப் பில்லில் டிஜிபினுக்கு எந்தப் பங்கும் இல்லை என்பதை அறிந்தேதான் அடித்தேன். பெயின்ட் காய்ந்ததும் அதே இடத்தில் "பாகூர், புதுச்சேரி" என்று தமிழில் பெரிதாக எழுதி, அதன் கீழே 607402 என்று எழுதியிருக்கிறேன்.