கடல்மீன் தொட்டிக்குக் கடற்கரைத் தண்ணீரா, கலவை உப்பா?

சென்னையில் 60 லிட்டர் தொட்டி வாங்கியவருக்கு வரும் முதல் குழப்பம் இது. கடலே பக்கத்தில் இருக்க, நன்னீரைக் கடல் நீர்போல ஆக்கக் கடையில் விற்கும் கலவை உப்புக்கு எதற்குக் காசு?

செலவு
கடல் நீர்: இலவசம்தான். கேனும் பெட்ரோலும் முதுகுவலியும் நம் கணக்கு.
கலவை உப்பு: லிட்டருக்குச் சுமார் 36 கிராம். முதல் தடவைக்கே 2 கிலோவுக்கு மேல், அப்புறம் வாராவாரம் 10 சதவீத நீர் மாற்ற 200 கிராம் சொச்சம்.

நம்பகம்
கடல் நீர்: கூவம், அடையாறு முகத்துவாரங்களின் பக்கம் போகவே வேண்டாம். வடகிழக்குப் பருவமழையில் ஆறுகள் கொட்டும் நன்னீரால் கரையோரக் கடலில் உப்பு குறையும். தொட்டிக்குத் தேவையான ஒப்படர்த்தி (நன்னீரைப்போல எத்தனை மடங்கு அடர்த்தி என்ற கணக்கு) 1.025 அளவு, ஒவ்வொரு கேனையும் அதைக் காட்டும் கருவியால் அளந்தே ஊற்ற வேண்டும். எண்ணெய், சாக்கடைக் கழிவு கலந்திருந்தால் அந்தக் கருவி காட்டாது.
கலவை உப்பு: சரியாக அளந்தால் எப்போதும் ஒரே தரம். ஆனால் ஆர்.ஓ. நீரில்தான் கரைக்க வேண்டும். சமையல் உப்பு உதவாது, அதில் போதிய கால்சியமும் மக்னீசியமும் கிடையாது.

எளிமை
கடல் நீர்: வடிகட்ட வேண்டும், தெளிய வைக்க வேண்டும்.
கலவை உப்பு: வாளியில் போட்டு, பம்ப் வைத்து ஒரு நாள் சுற்றவிட்டால் போதும்.

முதல் தொட்டி என்றால் கலவை உப்பு. ஊர், ஆற்றுமுகம் எதுவும் அருகில் இல்லாத சுத்தமான கடற்கரைக்காரர், பெரிய தொட்டி வைத்திருப்பவர் என்றால் கடல் நீர் லாபம். ஆவியாகிக் குறையும் நீருக்கு ஈடாக இரண்டு பேருமே நன்னீரைத்தான் ஊற்ற வேண்டும்.